மீன் பக்கத்தில் காப்பிக்கொட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பொடியென்றால் வாசம் போய்விடும் என்று நீங்கள் வறுத்து அனுப்பினீர்களே, அந்தக் காப்பிக்கொட்டைக்கு வந்த கதியைக் கேளுங்கள். என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ், அது இருந்த டப்பாவில் தன் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, கொட்டையைக் கிண்ணத்தில் கொட்டி, ஃப்ரிட்ஜில் மீன் பக்கத்தில் வைத்துவிட்டாள்! எனக்கு வந்ததே கோபம்.

"காத்துப் படாம மூடி, அலமாரியில வைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீ மட்டும் என்னவாம்? தினமும் திறந்து மோந்து பார்த்துட்டு மூடுற. அரைக்க மிஷின்கூட இல்ல. ஒரு நாளாவது குடிச்சிருக்கியா?"

கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தேன்; மீன் வாடைதான் வந்தது, நம் வீட்டு வாசம் போய்விட்டது.

அப்பா, மிஷினெல்லாம் வேண்டாம். இனி மொத்தமாக அனுப்பாமல், சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புங்கள். மாதத்துக்கு ஒன்று பிரித்தால் போதும், சமாளித்துக்கொள்வேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்