நீ அனுப்பிய நான்கு சக்கரங்கள்

அன்புள்ள மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மகள் மார்லியும் அவள் அம்மா ட்வைலாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், தன்னைப் பார்த்துக்கொள்வதில் நம் குடும்பத்தில் உனக்கு இணை யாரும் இல்லை. அலாஸ்காவில் இன்னும் பனி விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள், மீன் வெட்டுகிற இடத்தில் ஈரக் காலுறையோடு நிற்காதே.

போன சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் சாரணர் பிள்ளைகள் கட்டையில் செதுக்கிய கையளவு கார்களைச் சரிவுப் பலகையில் உருட்டிவிடும் மரக்கார் பந்தயம் நடந்தது. நீ ஓட்டிய காலத்திலிருந்து எடைமேசையில் நான்தான் உட்காருகிறேன், ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் விதித்தாள் முழுக்க எனக்கு மனப்பாடம், என்னைத் தாண்டி ஒரு கள்ளக் கார் ஓடுபலகை ஏறியதில்லை. வந்து காரைச் செதுக்கித் தருகிறேன் என்று கிறிஸ்துமஸுக்கு நீ சொன்னதை மார்லி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நீ வரவில்லை, ஒரு பொட்டலம் வந்தது. நான்கு சக்கரம், ஒரு சின்னப் புட்டி எண்ணெய், "இதைப் போட்டா உன்னை ஒருத்தனும் பிடிக்க முடியாதுடி தங்கம்" என்று ஒரு சீட்டு. பந்தயத்துக்குத் தருகிற பெட்டியில் மரக்கட்டையோடு வருகிற சக்கரம்தான் போட வேண்டும், அதைச் சீவி மெலிசாக்கக் கூடாது, அச்சில் உலர்ந்த பென்சில் கரித்தூளைத் தவிர ஒரு சொட்டு எண்ணெயும் ஆகாது, இவை நீ சிறுவனாக இருந்தபோதே இருந்த விதிகள். மறந்துவிட்டாயா, பார்க்கச் சோம்பலா என்று கேட்கமாட்டேன், இரண்டும் உனக்கு ஒன்றுதான். ட்வைலாவைக் கட்டியிருக்கிற கேலன் விதித்தாளைக் காட்டி மார்லியிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான், "எங்க அப்பாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்" என்று கேட்டுவிட்டாளாம். காரை எனக்குக் காட்டவே இல்லை, பந்தயத்தன்று பாட்டியை அசத்த வேண்டுமாம்.

வரிசையில் வந்து காரை வைத்தாள். சக்கரத்தை என் தகர அளவியில் நுழைத்தேன், பெரியவன் சட்டைக்குள் பிள்ளை மாதிரி ஆடியது. முதலில் தூவிய கரித்தூளும் மேலே விட்ட உன் எண்ணெயும் குழைந்து அச்சு நான்கும் சேறாக இருந்தன. நாலும் ஆகாது என்றேன். "பாட்டி, அது அப்பா அனுப்புனது" என்று மெதுவாகச் சொன்னாள். "யாரு அனுப்புனா என்ன, அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான், அடுத்த ஆள் வா" என்றேன். பின்னால் நின்ற கிழவன் டெல்பர்ட் "சொந்தப் பேத்தியையே தள்ளுறியே வெல்டா, நீ மனுஷிதானா" என்று கேட்டான். "உன் பேரன் காரைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, அடுத்து அதுதான்" என்றேன். கூடம் முழுக்கப் பார்த்தது. எனக்கு அதில் வெட்கம் இல்லை, பெருமைதான்.

மார்லி அழவில்லை. சரிசெய்யப் பதினைந்து நிமிடம் உண்டு. கேலன் தன் வண்டிக்குப் போய் ஒரு புகையிலை டப்பாவைக் கொண்டுவந்தான், பெட்டியில் வந்த சக்கரங்களைப் பிசிறு தேய்த்து, அச்சாணிகளை மெருகேற்றி, அதற்குள் எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறான். குறட்டால் உன்னுடையதைப் பிடுங்கி, சட்டை நுனியால் சேற்றைத் துடைத்து, தூள் ஊதி மாட்டினார்கள். இந்தச் சக்கரம் கனம், கார் விதிப்படியான ஐந்து அவுன்ஸைத் தாண்டிவிட்டது, அதன் அடிவயிற்றில் எடைக்குப் பதித்திருந்த ஈயத்தைத் துளைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள், இன்னும் அதிகம் என்று திருப்பி அனுப்பினேன், மூன்றாம் தடவைதான் சரியாக நின்றது. பதினாறு காரில் மூன்றாவதாக வந்தாள். சான்றிதழில் எழுதப் பெயர் கேட்டார்கள். மார்லி ஹட்செல் என்றாள். ஹட்செல் கேலனின் குடும்பப் பெயர், நம் பெயர் அல்ல, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் "அப்பாவுக்கு எழுதுனா சக்கரம் தபால்லயே உடைஞ்சு போச்சுன்னு எழுதுங்க பாட்டி, இல்லன்னா பாவம், வருத்தப்படுவாரு" என்றாள். அவை உடையவில்லை, ராய்ஸ். உன் எண்ணெயைப் பின்கதவுக் கீலுக்கு விட்டேன், அதற்கு நன்றாக இருக்கிறது. உனக்காக ட்வைலா ஏழு வருஷம் பொய் சொன்னாள், நான் முப்பத்தைந்து வருஷம் சொன்னேன், இப்போது ஒன்பது வயதில் இவள் பழகுகிறாள். இனி விடமாட்டேன். கேலன் அவளைத் தன் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்வதற்கான தாளை இதோடு வைத்திருக்கிறேன், மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். உன்னைப் பெற்றவள் கேட்கிறேன், கையெழுத்துப் போடு.

கர்த்தர் உன் கைவிரல்களைக் குளிரிலிருந்தும் கத்தியிலிருந்தும் காப்பாராக, உனக்கு நேரத்துக்குச் சூடான சோறு கிடைக்கட்டும். தாளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு. மார்லிக்குத் தனியாக ஒன்றும் எழுதாதே, எழுதினால் நம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெல்டா