மக்ரூன் செத்தது பட்டினியால் அல்ல

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

மகள் ஜெபசுதாவுக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் கனடாவில் தேக சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ திறந்து பார்ப்பதில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை, தபாலில் வருகிற காகிதத்தையாவது கிழிக்காமல் வாசிப்பாய் என்று கையால் எழுதுகிறேன். பெரிய வெள்ளியன்று உன் பூனை மக்ரூன் செத்ததும், "அம்மா பட்டினி போட்டே கொன்னுட்டாங்க" என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாய். மூன்று மாதம் தாண்டி, இப்போது பனிமய மாதா கோயில் கொடியும் ஏறிவிட்டது. அந்தச் செய்தியை முதலில் படித்தது நான் அல்ல. என் போனைச் சார்ஜில் போடப் போன உன் அம்மா.

பட்டினி என்றாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பூனைகளுக்கு இனிமேல் பாக்கெட் தீனி வேண்டாம், பச்சை இறைச்சிதான் நல்லது என்று போன வருஷம் நீ எழுதியபோது, ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதில் எண்பது சதவீதம் சதை, பத்து எலும்பு, ஐந்து ஈரல், மீதி ஐந்து கிட்னி, மண்ணீரல் என்று மட்டும் எழுதினாய். மீதியை நான்தான் போட்டேன். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே எத்தனை ஆயிரம் டன் நிலக்கரி இருக்கிறது என்று சொல்வது என் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பின்னால் வந்தவனுக்கு என்னைத் தாண்டிப் பதவி கொடுத்தார்களே தவிர, என் கணக்குப் பிழை என்று ஒருவனும் சொன்னதில்லை. அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவாள், பிறகு பூனை இல்லாமல் ஏறுவாள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூனை. மக்ரூன் நாலு கிலோ, அவனுக்கு நூற்றிருபது கிராம். அதில் சதை தொண்ணூற்றாறு, எலும்பு பன்னிரண்டு, ஈரல் ஆறு, கிட்னி ஆறு. ஈரல் கூடினாலும் கெடுதல் என்று படித்து அதைத் தனியாக நிறுத்தேன். உன் இன்னொரு பூனை கருப்பட்டி ஆறு கிலோ. ஆறுக்குக் கணக்குப் போட்டால் அந்தக் கொழுப்புக்கும் சேர்த்துத் தீனி போடுவதாகும், அவன் இருக்கவேண்டிய எடை நாலரை, ஆகவே நூற்று முப்பத்தைந்து என்று வைத்தேன். நாசரேத்தில் ஒரு கலியாண வீட்டில் உன் பெரியப்பா பர்னபாஸ் பத்துப் பேர் முன்னால், "மகள கனடாவுக்கு அனுப்பிட்டு இவன் பூனைக்குப் பட்லர் வேலை பாக்கான்" என்றார். எங்கள் அப்பாவின் வீட்டைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்ட மனுஷர், அவருக்கு வாய் நீளம்தான். வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் நின்றபோது, லைன் கிடைத்ததும் நீ கேட்ட முதல் கேள்வி "பூனைகள மாடிக்கு ஏத்தியாச்சா" என்பது. அதையும் நான் மறக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சாம்பல் புதன் வந்தது. அம்மா வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஈஸ்டர் வரைக்கும் லெந்து விரத நாட்களில் ஆடு கோழி வாசற்படி தாண்டாது, மீனுக்கு மட்டும் விலக்கு. பூனைக்குத்தானே என்று நான் கோழிக் கழுத்து வாங்கி வந்தபோது அவள் பையை வாங்கவே இல்லை. "ஆண்டவரு நாப்பது நாள் வனாந்தரத்துல உபவாசம் இருந்தாவ, உங்க மக பூனைக்குக் கோழிக் கழுத்து இல்லாம ஆகாதோ" என்றாள். கடைசியில் அதே எடைக்கு மீன் போடுவது என்று ஆயிற்று. திரேஸ்புரத்திலிருந்து கூடை கொண்டுவருகிற முத்துமாரியிடம் நாட்டுப் படகுச் சாளை வாங்கினோம், முள்ளும் குடலுமாக முழு மீன், எலும்புக்கும் ஈரலுக்கும் அதிலேயே கணக்குச் சரியாகிவிடும் என்று நானும் தலையாட்டினேன். நான் தராசில் ஒரு வாலைக் கிள்ளி எடுப்பதைப் பார்த்து முத்துமாரி, "ஏன் அண்ணாச்சி, எனக்கு மாப்ள பாக்கையில கூட எங்க ஐயா இம்புட்டுக் கணக்குப் பாக்கலியே" என்று சிரித்தாள். ஒரு நாள் கூட அளவு குறையவில்லை. அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து மக்ரூனுக்குக் கழுத்து நிற்கவில்லை. தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, குடித்தவன் போல நடந்து சுவரில் இடித்தான். வெயில் என்றார்கள், விஷம் தின்றிருக்கும் என்றார்கள். பெரிய வெள்ளியன்று கால்நடை ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது, பகவதி டாக்டரம்மா வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். மும்மணி ஆராதனைக்கு உன் அம்மா போகாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றுதான். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு என்ன தீனி என்று கேட்டார். நான் கிராம் வாரியாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அளவு சரிதான் சார், சாமான்தான் தப்பு. சாளை மாதிரி மீன பச்சையா தினமும் போட்டா அது வைட்டமின் பி ஒன் சத்த அழிச்சிரும், நரம்பு கெட்டுரும். வேக வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் வலிப்பு வந்து மக்ரூன் போய்விட்டான். கருப்பட்டிக்கும் அன்றே ஊசி போட்டோம், பிழைத்துக்கொண்டான். நான் கணக்காகப் போட்டது போதாமல் பக்கத்து வீட்டு இசபெல்லா டீச்சர் அடுப்படியில் வெந்த மீன்தலையும் கோழி எலும்பும் திருடித் தின்றிருக்கிறான். என் கணக்குக்கு அடங்காதவன் பிழைத்தான், அடங்கினவன் செத்தான். "பூனைக்கு ஞானஸ்நானமா குடுத்திய, லெந்து அனுசரிக்கதுக்கு" என்று டீச்சர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி, நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது. லெந்து தொடங்கி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா உனக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "ஏளா, லெந்து முடியுத மட்டும் வெறும் மீனே குடுக்கலாமா, பச்சையா குடுத்தா ஒண்ணும் செய்யாதுல்லா" என்று அவள் கேட்டாள். நீ, "அளவு சரியா இருந்தா போதும்மா, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். உனக்கு அது நினைவில்லை. நினைவிருந்தால் அப்படி ஒரு செய்தி அனுப்பியிருக்க மாட்டாய், அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. டாக்டரம்மா வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதே, செத்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு, "போன்ல கேட்டத அவகிட்ட ஞாபகப்படுத்திராதிய, தூரத்துல கெடக்க பிள்ள, தாங்கமாட்டா, நாந்தான் குடுத்தேன்னு இருக்கட்டும்" என்றாள். உன் செய்தி வந்த பிறகும் அதையேதான் சொல்கிறாள். ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நீ கூப்பிடும் நேரம் தாண்டியதும் எழுந்து போய்ச் சோறு வடிக்கிறாள். அவள் தட்டில் விழுகிற சோற்றைத்தான் இப்போது நான் கண்ணால் நிறுத்துக்கொண்டிருக்கிறேன், அது நாளுக்கு நாள் குறைகிறது.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டு வாங்கும் மன்னிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு, பூனையின் எடையை முதலில் கேட்காதே, அவள் சாப்பிட்டாளா என்று கேள். கருப்பட்டி ஐந்தேகால் கிலோவுக்கு இறங்கியிருக்கிறான், அதே நூற்று முப்பத்தைந்து கிராம் கோழிதான் போடுகிறோம், மீன் கொடுத்தால் வேகவைத்து ஒரு துண்டு. வருகிற லெந்துக்கும் அவனுக்குக் கோழி வாங்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். தன் வீட்டு வழக்கத்தை அவள் விட்டுக்கொடுத்து இப்போதுதான் பார்க்கிறேன். குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன், கோபம் வேறு.

மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போன் சமாச்சாரத்தை அடித்துவிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். "அப்போ எம்பேரப் போடாதிய" என்று பேனாவைத் தள்ளி வைத்துவிட்டாள். நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து உனக்குப் போன எல்லாக் கடிதத்திலும் எங்கள் இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்திருக்கின்றன. என் பெயரை மட்டும் தனியாக எழுதினால் அவள் உன்னை விட்டு விலகி நிற்பதாக நீ நினைத்துவிடுவாய், அது உண்மை அல்ல. அவள் பெயரை அவளைக் கேளாமல் எழுதவும் எனக்கு உரிமை இல்லை. ஆகவே கீழே யார் பெயரும் இல்லாமல், இப்படியே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.