கதவடியில் ஒரு பஸ் டிக்கெட்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி தின்று கைகழுவிய பின், எங்கள் குடும்பம் கூடத்தில் கூடி வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தது. வாசல் கதவின் அடிப்பக்கத்தை மூன்றாவது தடவையாக இழைத்துவிடுவது என்பதே அது. முன்மொழிந்தவர் என் மச்சான். வழிமொழிந்தவள் அவர் தங்கை, அதாவது என் மனைவி. மகள் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினாள். நான் வேண்டாம் என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆசாரி மதியத்துக்குள் வந்துவிட்டார். கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவைத்து இழைப்புளியைத் தள்ளினார். தேக்கு சுருள் சுருளாக வாசலெங்கும் உருண்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் மரவாசம் நல்லாத்தானே இருக்கு என்பார்கள். அது எதன் வாசம் என்று உனக்குத்தான் தெரியும்.

மதுரை ஆரப்பாளையம் லாட்ஜில் ஒரே அறையில் கிடந்த காலத்தில் நீயும் நானும் செங்கல் வீட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. பிறகு நான் கல்லூரியில் வரலாறு நடத்தப் போனேன். நீ கொட்டாம்பட்டிப் பக்கம் ரெடிமேட் சுவர் வார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். சுவரைத் தரையில் படுக்கவைத்துக் கதவு, ஜன்னலோடு கான்கிரீட்டில் வார்ப்பது, காய்ந்ததும் லாரியில் ஏற்றுவது, மனைக்குக் கொண்டுபோய் கிரேனால் நிமிர்த்தி ஒன்றோடொன்று பூட்டுவது. இதுதான் உன் பிழைப்பு. முதன்முதலாக என்னை அங்கே கூட்டிப்போனபோது ஆளுயரச் சுவர்கள் லைப்ரரிப் புத்தகங்களைப் போல வரிசையாக நின்றன. "சொவரு என்னைக்கும் ஏமாத்தாது பங்காளி. ஏமாத்துனா, சேர்ற எடந்தான் ஏமாத்தும்" என்றாய். நான் அதைக் குடும்பங்களைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டு ரசித்தேன்.

என் மனைவிக்கு அவள் வீட்டார் கொடுத்த மனையில் அப்படியொரு வீடு வைத்துக்கொள்ள நாங்கள் முடிவுசெய்தபோது, பொறுப்பு உன்னிடம் வந்தது. எல்லாம் சரியாகப் போனது, நிலை வைக்கும் நாள் வரும்வரை.

செங்கல் வீட்டில் வாசல் நிலையைத் தனியாகத் தூக்கி நிறுத்தி, மாலை போட்டு, பூஜை செய்து, அதன்பின் சுவரை எழுப்புவார்கள். எங்கள் நிலையோ ஏற்கெனவே சுவருக்குள் இருந்தது. தனியாக வைப்பதற்கு ஒன்றும் இல்லை. உறவினர்கள் கலங்கிப்போனார்கள். என் மச்சான்தான் வழி கண்டார். நிலை சுவருக்குள் இருக்கிறது என்றால் சுவர் முழுவதுமே நிலைதான். ஆகவே லாரியில் வந்த சுவருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கிரேன் கொக்கியிலிருந்து ரோஜா மாலையைத் தொங்கவிட்டோம்.

நிலைக்கு அடியில் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது வழக்கம். அது பெண் கொடுத்த வீட்டுச் சீர். ஒரு கைப்பிடி போதும். மச்சான் தன் ஊரான எழுமலையிலிருந்து முடிந்து கொண்டுவந்த பையோ ஒரு சின்னத் தலையணை அளவு.

சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் சந்துதான் விடுவாய். அதில் இரும்புத் தகடுகளை வைத்து, அதன்மேல் சுவரை 'ணங்'கென்று உட்காரவைத்து, மிச்ச இடத்தில் சிமெண்டுக் கலவையை இறுக்கி அடைப்பாய். கதவுக்கு இடப்பக்கம், சுவரின் கால் நிற்கவேண்டிய அந்தச் சந்தில் மச்சான் தலையணையை வைத்தார்.

"அண்ணே, இம்புட்டையும் வைக்க அங்க எடம் இல்லண்ணே. சாஸ்திரத்துக்கு ஒரு கை வைங்க."

"எங்க வீட்டுச் சீரு ஒரு கைதானா? ஒரு கை வைக்கவா எழுமலையிலருந்து வேன் பிடிச்சு வந்தோம்?"

"சொவரு கால் ஊன்ற எடம்ணே அது."

"ஊனட்டுமே. தானியத்து மேல நிக்க அதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்."

கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சுவர் மாலையோடு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் முடியப்போவதாக அய்யர் சொன்னார். அடுத்த சைட்டுக்குப் போகவேண்டும் என்று கிரேன்காரர் சத்தம் போட்டார். நீ குனிந்து தகடுகளை ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாய். சுவர் இறங்கியது.

"சத்தம் கேட்டுச்சா பங்காளி?" என்றாய் என்னிடம்.

"இல்லையே."

"அதான்."

எல்லோரும் சாப்பிடப் போனதும் சுவரைக் கொஞ்சம் நெம்பிப் பையை உருவிவிடலாம் என்று உன் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னாய். அது மச்சான் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரின் காலடியில் போட்டு உட்கார்ந்தார். இலையும் அங்கேயே போனது, பாயசமும் அங்கேயே போனது. சாயங்காலம் பையைச் சுற்றிக் கலவையை அடைத்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பொறுப்பான மனிதர்.

குடிபோன வருஷம் கார்த்திகைக் கடைசி மழைக்கு, வாசற்படி ஓரம் சுவரும் தரையும் சேரும் கோட்டிலிருந்து ஒரு தட்டாம்பயறுச் செடி எட்டிப்பார்த்தது. வீட்டில் ஒரே ஆனந்தம். என் மனைவி படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "வீடு தழைக்குது" என்று எழுதினாள். கும்பிடும் கைகள் குவிந்தன. வேடிக்கையாக இருக்கட்டுமே என்று நான் அதை உனக்கு அனுப்பினேன்.

அடுத்த பஸ்ஸில் நீ வந்து நின்றாய். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. செடிக்குப் பக்கத்தில் குந்தினாய். அதற்குள் எறும்புகள் ஒரு வரிசை போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளிருந்து உளுந்துத் தோலை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தன. நிதானமான வேலை. நீ வெகுநேரம் அவற்றையே பார்த்தாய். பிறகு சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து நாலாக மடித்து, மூடிய கதவின் அடியில் செருகினாய். போய் வந்தது.

"இப்ப ஒண்ணும் இல்ல. தானியம் ஊறும், ஊதும், பெறகு மக்கும். மக்குன எடத்துல சொவருக்குக் கீழ ஒண்ணுமே இருக்காது. சொவரு எறங்குனா கதவும் சேர்ந்து எறங்கும். முட்டும். அன்னைக்கி கதவச் சீவிறாத பங்காளி, எனக்குப் போன் போடு."

அதுவரை காத்திருக்கவேண்டாம், இப்போதே அந்த இடத்தை உடைத்துப் பையை எடுத்துவிட்டுக் கலவையை அடைத்துத் தருகிறேன் என்றும் சொன்னாய். ஒரு நாள் வேலை. அப்போது மார்கழி பிறந்திருந்தது. மார்கழியில் வாசலை உடைப்பதா என்று என் மனைவி அழுதாள். போனில் மச்சான் பேசியதைச் சுவரே கேட்டிருக்கும். நீ எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டாய்.

"சரி, தை பிறக்கட்டும். வாரேன்."

டிக்கெட்டைக் கதவடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். பொங்கலுக்கு முன்னால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். கிளாஸைப் பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் சாய்ந்தாயாம். கடைக்காரர் சொன்னார்.

அந்தத் தையில் துக்கம் என்பதால் வாசலைத் தொடவில்லை. அடுத்த தையில் மகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த மழைக்குக் கதவு முட்டியது.

மரமென்றால் மழைக்கு ஊதத்தான் செய்யும் என்றார் மச்சான். முதல் தடவை இழைத்தோம். சித்திரையில் மறுபடி முட்டியது. வெயிலுக்கு எது ஊதும் என்று கேட்டேன். நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாமே ஊதும் என்றார். இரண்டாம் தடவை இழைத்தோம்.

அன்றைக்கு என் விரல் தன்பாட்டில் உன் எண்ணை அழுத்திவிட்டது. உன் மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே."  நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "போன்ல ஒங்க பேரு வந்தாலே, எடுக்கும்போதே 'கதவு முட்டுதா'ன்னுதாண்ணே கேப்பாரு. என்ன வெளையாட்டோ ஒங்களுக்குள்ள."

பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது மச்சானின் மகனுக்கு மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் எங்களோடு தங்குவதற்காக மாடியில் ஓர் அறை வைக்கிறார்கள். கட்டுவதில்லை, வைப்பது. கட்டில், கக்கூஸ், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் உள்ளே பொருத்தி ஒரே பெட்டியாக லாரியில் வரும். அதன் முன்பக்கம் உட்காரும் இடம் வாசல் சுவர். உன் கம்பெனியிலிருந்து இன்னொரு இன்ஜினீயர் பார்க்க வந்தார். நான் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், சுவரடிக் கோட்டைப் பார்த்தார். நியாயமான மனிதர்தான்.

"பாரம் ஏத்துறதுக்கு முன்னாடி அந்த எடத்த ஒருதரம் தொறந்து பாத்துருவோம் சார்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

மச்சான் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அப்ப என் சீருதான் என் தங்கச்சி வீட்டக் கவுக்கப் போகுதுங்கிறீக, அப்படித்தான மாப்ள?"

என் மனைவியின் கண் நிறைந்துவிட்டது. இன்ஜினீயருக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், உடனே புரிந்துகொண்டார்.

"அப்ப கதவ மட்டுமாச்சும் சரி பண்ணிருங்க" என்றார். "முட்டுற சத்தம் கேட்டா மேல இருக்கவங்களுக்குப் பயமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தின் பின்னணி இதுதான்.

என்னால் முடிந்தது ஒன்றைச் செய்தேன். முன்னறையில் கிடந்த மகளின் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினேன். காற்று நன்றாக வரும் என்று காரணம் சொன்னேன். அவளுக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்று கோபம். என் மனைவியின் கட்டிலை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அது அவள் வீடு, முன்னறை அவளுக்குப் பிடிக்கும், அங்கிருந்துதான் வாசல் தெரியும்.

உன் டிக்கெட் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஊரும் கட்டணமும் அழிந்து வெறும் தாளாகிவிட்டது. மடிப்பில் மட்டும் உன் விரல் அழுத்தியது தெரிகிறது. சட்டையை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். தினமும் காலையில் கல்லூரிக்குக் கிளம்புகையில் செருப்பு மாட்டுவதுபோலக் குனிந்து, கதவடியில் செருகிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆசாரி போனபின் நாலாக மடித்துச் செருகினேன். நீ வந்த அன்றுபோலவே போய் வந்தது. புதன்கிழமை இரண்டாக மடித்துத்தான் போனது.

இன்று வியாழக்கிழமை. நல்ல நேரத்துக்குள் கிரேன் வந்துவிட்டது. பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். அது மெதுவாக இறங்கி வாசல் சுவரின்மேல் உட்கார்ந்தது. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீகளா மாப்ள, ஒரு சத்தம் இல்ல."

கிரேன் போனபின் எல்லோரும் மேலறையைப் பார்க்கப் படியேறினார்கள். நான் கதவை மூடி, டிக்கெட்டைப் பிரித்து, ஒற்றைத் தாளாகச் செருகினேன். நுழையவில்லை.