எழுபத்தோராவது நிமிடம்

மே 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே என்று வழக்கம்போலத் தொடங்கக் கை வரவில்லை. ஒரு டிரா போதும், நம் அணி முதல் பிரிவிலேயே இருந்திருக்கும். எழுபது நிமிடம் வரை ஒரு கோல் முன்னால் இருந்துவிட்டு, கடைசியில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றால், பயிற்சியாளருக்குச் சோறு இறங்குமா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சலூன்காரர் என் தாடையில் சோப்பைத் தடவிக்கொண்டே, "என்ன சார், நல்லா ஆடிட்டிருந்த கேப்டனை உங்க மாப்பிள்ளை வெளிய எடுத்துட்டாரே, எதிர் டீம்லயா சம்பளம் வாங்குறாரு?" என்றார். கத்தி அவர் கையில் இருந்ததால் நான் வாதாடவில்லை. பத்திரிகைகளும் அதையேதான் எழுதுகின்றன.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் யார்? வானிலை நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டு மழை அளந்தவன். பாப்பா உங்களைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஆஃப்சைடு என்றால் என்னவென்று கற்றேன். அதிலும் இன்னும் சந்தேகம் உண்டு. அவள் இறந்த பிறகு இந்த மூன்று ஆண்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் குறிப்பு அனுப்புகிறேன், நீங்களும் பொறுமையாகப் பதில் போடுகிறீர்கள். இதையும் அப்படியே பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். கேப்டனை எடுத்தது அறுபத்து நான்கில். அதன் பிறகு ஆறு நிமிடம் பந்து பெரும்பாலும் நம்மிடமே இருந்தது. ஆகவே அது காரணமில்லை. எழுபத்தொன்றில் நம் இடது தடுப்பாட்டக்காரர் முழங்காலில் கையூன்றி நிற்கிறார். அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். எழுபத்து மூன்றிலும் எழுபத்தேழிலும் விழுந்த இரண்டு கோலும் அந்த வழியாக வந்தவைதான்.

கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர் நீங்கள். எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தேழு வரை, அந்த ஏழு நிமிடமும் கேமரா காட்டியபோதெல்லாம் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். கேட்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உடம்புக்கு ஏதாவதா?

அன்புடன்,
மாமா

மே 19

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நேற்று என் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். நிர்வாகிகள் மூன்று மணி நேரம் கேப்டனைப் பற்றியே குடைந்தார்கள். அந்த ஏழு நிமிடத்தை யாரும் கேட்கவில்லை. நீங்கள் ஒருவர்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்களிடம் மறைக்க முடியாது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பின்னால், பாப்பா எப்போதும் நின்று கத்தும் நான்காவது வரிசையில், ஒரு பெண்குரல் கத்தியது. பாப்பாவேதான் என்று திரும்பிவிட்டேன். எழுந்து நின்றவர் ஒரு டீச்சர். பள்ளியில் கணக்கு எடுக்கிறார். எட்டு மாதப் பழக்கம். சீசன் முடியட்டும், உங்களிடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அன்றுதான் முதல்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, மாமா. பாப்பா நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கிறார், எனக்குச் சந்தோஷம்! அது உறைத்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன கத்தினார் என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

அவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை

மே 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை போனதில் மிகவும் வருத்தம். இங்கே நேற்று பதினெட்டு மில்லிமீட்டர் மழை. மற்றவை பிறகு.

மாமா

ஜூன் 3

மாமா,

பதினெட்டு மில்லிமீட்டரை எத்தனை தடவை படிப்பது? திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். "உங்க மாமா மனசார சொல்லட்டும், அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேணாம்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். தொலைதூர அணி ஒன்று கூப்பிடுகிறது. பதினைந்தாம் தேதிக்குள் போயாக வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பாப்பாவின் குரல் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேட்கும் ஆசையில் பதிவை மறுபடி போட்டேன். ஒலியை முழுதாகக் கூட்டி, எழுபத்தோராவது நிமிடத்தை மட்டும் பதினோரு தடவை கேட்டேன்.

பாப்பாவின் குரல் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அவள் கத்தினால் கடைசியில் கீச்சென்று உடையும். இது கனத்த குரல். உங்களுக்கு என் பெண்ணின் குரலே மறந்துவிட்டது என்று எனக்கு உங்கள்மேல் கடுங்கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அதுவும் முழு உண்மையில்லை. அவளை நினைத்து உருக நாம் இரண்டு பேர் இருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய துணை. அந்தத் துணை போய்விடக் கூடாது என்று உங்களை இப்படியே நிறுத்திவைக்கப் பார்த்தேன். மழையளவை எழுதிய அன்று என் மனதில் இருந்தது அதுதான். வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாவது தடவைதான் சொற்களைக் கவனித்தேன். "லெஃப்ட்டைப் பாருங்க! அவனால முடியல, மாத்துங்க!" முதல் கோலுக்கு இரண்டு நிமிடம் முன்பு. அத்தனை ஆயிரம் பேரில் ஓட்டையைச் சரியான நேரத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் கண்டுபிடிக்க இரண்டு நாளும் நான்கு தடவையும் ஆயிற்று. என் முடிவு தவறாகவும் இருக்கலாம். ஆனால் அன்று தோற்றதற்குக் காரணம் அவர் சொன்னதைக் கேட்காததுதான். இனியாவது கேளுங்கள்.

மனசாரச் சொல்கிறேன், கட்டிக்கொள்ளுங்கள். டீச்சரிடமும் இதைக் காட்டுங்கள்.

திருமணத்துக்கு என்னை அழைக்க வேண்டாம். கோபமில்லை, அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. ஆட்டக் குறிப்பும் இனி அனுப்ப மாட்டேன். கூடவே ஆள் இருக்கும்போது தபாலில் வரும் யோசனை எதற்கு? புது ஊர் முகவரியை மட்டும் எழுதி வையுங்கள். பாப்பாவின் பொருள்களில் உங்களுடையவை சில கலந்திருக்கின்றன, பிரித்து அனுப்ப வேண்டும்.

கையெழுத்தை எப்படிப் போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

மாமா