பொய்யாகச் சொன்ன கட்டி

ஜூன் 3, செவ்வாய்

அடுத்த வாரம் என் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கப் போகிறார்கள். எடை குறைவதற்காக. அத்தையிடம் என்ன சொல்வது? எதிர்வீட்டு பவ்யா ஜிம்மில் சேர்ந்ததற்கே, "சோத்தக் கொறைக்கக் காசு கட்டணுமா?" என்று ஒரு மாதம் சிரித்த மாமியார் அவர். உதயகுமாருக்கோ தன் அம்மாவிடம் எதையும் சொல்லத் தைரியமில்லை; செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டார். கடைசியில் நானே சொன்னேன். வயிற்றில் ஒரு கட்டி, சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று. அத்தை டிவியை நிறுத்தினார். சீரியல் நடுவில். அது கொஞ்சம் உறுத்தியது.

ஜூன் 8, ஞாயிறு

நீர் ஆகாரம் மட்டும்தான். கனவில் பரோட்டா வந்தது. சால்னா வரவில்லை. கனவிலும் கஞ்சத்தனம்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் தாட்சாயிணி கட்டில் அருகே வந்து நின்றார். "உள்ளே பார்த்தப்ப வயித்துல கட்டி இருந்துச்சும்மா. மூணு. ஸ்கேன்ல தெரியாத அளவு சின்னது. வெட்டி எடுத்த பகுதியிலேயே வந்துடுச்சு. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் பிடுங்க, கண்ணில் நீர் வர, சிரித்தேன். டாக்டர் அதிர்ச்சி என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உதயகுமார் முகம் வெளுத்து, "நாம ஒண்ணுதானே சொன்னோம்?" என்றார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. டெஸ்ட் என்றால் அந்த டெஸ்ட்தானே? பெயரை எழுதக்கூடக் கை வரவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னபோது பல்லி கத்தியதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். படித்தது எம்.எஸ்ஸி. வேதியியல்.

ஜூன் 16, திங்கள்

கரையான்சாவடி வீட்டுக்கு வந்தாயிற்று. அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எடை குறைக்கத்தான் போனேன், கட்டி என்றது பொய், ஆனால் போன இடத்தில் நிஜமாகவே கட்டி. எனக்கே நம்பும்படி இல்லை.

"கொழுப்புக்கு யாராச்சும் வயித்த அறுப்பாங்களா? பெர்சா இன்னாமோ கீது. என்னாண்ட மறைக்கிறீங்க."

பொய்யைச் சுலபமாக நம்பியவர் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். நான் சத்தியம் செய்யச் செய்ய என் ஆயுசு குறைந்துகொண்டே போகிறது, அவர் கணக்கில். மாலையில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டும் வந்துவிட்டார்: ஆடி வெள்ளியில் கோயிலில் என்னைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றுவதாக. அத்தைக்கு அந்த அம்மன் பெயர்தான், வேம்புலியம்மாள். அம்மனிடம் பெயர் ராசியில் தனிச் செல்வாக்கு உண்டாம்.

ஜூன் 20, வெள்ளி

ரிசல்ட் இன்னும் வரவில்லை. உதயகுமார் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குத் தெரியாதாம். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோய், தலையில் ஷாம்பு நுரையோடு நான் நிற்க வேண்டியதாயிற்று. அழுவதற்கு வேறு இடம் பாருங்கள் என்றேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்று அழுதோம். அப்புறம் அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். நான் முகர்ந்து பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

பரவும் வகை இல்லை. முழுதாக வந்துவிட்டதாம். மருந்தும் வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் மட்டும்.

"நீங்க ஒல்லியா இருந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது," என்றார் டாக்டர். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக என் கொழுப்பை ஒருவர் பாராட்டுகிறார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் இடுப்பைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 18, ஆடி வெள்ளி

வயிற்றில் எதையும் வைக்கக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேண்டுதலை என்ன செய்வது? அத்தை கோயில் தரையில் தானே நீட்டிப் படுத்துவிட்டார். அவருக்கோ ஒட்டிய வயிறு. மாவிளக்கு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போனது. என் வயிறாக இருந்தால் கம்மென்று உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மண்டியிட்டு, சுடர் படாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விடாதீர்கள் அத்தை என்றேன். "நீ வாய மூடு, நா அம்மனாண்ட பேசிகினு கீறேன்," என்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. புகை என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று எடுத்த ஸ்கேன் சுத்தம். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது கீழ்வீட்டு ஜமீலா அக்கா படியில் மறித்து, கன்னத்தைத் தடவி, "இப்படி இளைச்சிட்டியே," என்று அழுதுவிட்டார். இந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருபது வருடம் ஏங்கியிருக்கிறேன். இப்படியா வர வேண்டும்?

பின்னால் கீரைக்கட்டோடு வந்த அத்தை நின்றார். "அழுவாத ஜமீலா. நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. குண்டா இருந்தா, வயித்த அறுத்துகினா. இளைச்சுட்டா. அவ்ளோதான்."

மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். மேலே பவ்யா வீட்டுக் கதவு திறந்த சத்தமும் கேட்டது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு, கீரையை ஆய உட்கார்ந்தவர், நிமிராமல், மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த ஸ்கேனு எப்பம்மா?"

"மார்ச்ல அத்தை."

"நானும் வர்றேன்."