கொடுக்காத புகாருக்குக் கிடைத்த பதக்கம்

அனுப்புநர்:
'மேல்மாடி',
லிஃப்ட் மெக்கானிக்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.
(முழு முகவரி என் பழைய மனுக்களில் உள்ளது.)

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: முழுதாகச் செய்து முடிக்காத விண்வெளி விளையாட்டை விற்று, நான் கொடுக்காத புகாரின் பேரில் என் மனைவியைக் கப்பல் திருடியாக்கிச் சிறையில் அடைத்து, அதற்காக எனக்குப் பதக்கமும் குத்திவிட்ட நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கையெழுத்து தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. எரியாத தெருவிளக்கு, நிறுத்தத்தில் நிற்காத பேருந்து, எடை குறைந்த சோப்பு, பக்கத்து வீட்டு நாய் என நான் கொடுத்த மனுக்கள் தங்கள் அலமாரியில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். என் தலையைக் கண்டதும் முன்மேசை எழுத்தர் டீ குடிக்க எழுந்து போய்விடுவார் என்பதும் தெரியும். அதைப் பற்றி இப்போது புகார் இல்லை. அவையெல்லாம் ஊருக்காக எழுதியவை. இது எனக்காக எழுதுவது. ஆகவே பாதியில் மூடிவைக்காமல் கடைசிவரை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

2. 'மேல்மாடி' என்பது மேற்படி விளையாட்டில் என் பெயர். வழக்கு அந்தப் பெயரில் நடந்திருப்பதால் அதையே இங்கும் இட்டிருக்கிறேன். பெயர் வைத்தவர் என் மனைவி. லிஃப்ட் வேலை பார்ப்பதால் வைத்தேன் என்றார். வேறு காரணமும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. அவர் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர் என்பதால் அவருக்கு 'ஊசி' என்று நான் பெயர் வைத்தேன்.

3. பதவி உயர்வு கிடைத்து என் மனைவி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அங்கே விடுதி அறை, இங்கே நான். தினமும் போனில் பேசினோம். சாப்பிட்டாச்சா, கேஸ் தீர்ந்ததா, வாடகை கொடுத்தாச்சா என்று தொடங்கும். சீக்கிரமே யார் எதைச் செய்யவில்லை என்பதில் போய் நிற்கும். நாளடைவில் போன் அடித்தால் எடுக்கவே இரண்டு பேரும் தயங்க ஆரம்பித்தோம். அப்போதுதான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் மைத்துனர், அதாவது அவருடைய தம்பி, இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் இந்த விளையாட்டைப் போட்டுக்கொடுத்தார். ஒரு கப்பல் வாங்கி, ஒரு கிரகத்தில் சரக்கு ஏற்றி இன்னொன்றில் இறக்க வேண்டும். நான் ஓட்டுவேன், அவர் பக்கத்து இருக்கையில் வழி சொல்வார். "முன்னாடி பாறை வருது, தூங்குறீங்களா?" என்று திட்டுவார். போனில் வாங்கிய திட்டுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வேலை இருந்ததால் எங்களுக்குச் சண்டை போட நேரமில்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை, ஐயா.

4. இந்த விளையாட்டு ஒன்றும் ஒழுங்கானது அல்ல. கப்பல் கதவைத் திறந்தால் சில நாள் படிக்கட்டு இருக்கும், சில நாள் இருக்காது. ஏற்றிய பெட்டிகள் தரையில் புதைந்துபோகும். ஒருமுறை என் மனைவியின் தலை மட்டும் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது, உடல் என்னோடு வந்தது. விண்வெளி நிலையத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. கதவு திறக்கும், ஆள் ஏறும் பெட்டி வந்திருக்காது. தொழில் பழக்கத்தில் நம்பிக் காலெடுத்து வைத்து எத்தனையோ முறை செத்திருக்கிறேன். கேட்டால், "இது முன்னோட்டப் பதிப்பு, குறைகளைச் சொல்லி எங்களை மேம்படுத்துங்கள்" என்கிறார்கள். நான் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அடித்தட்டு இல்லாத லிஃப்டை ஓடவிட்டு, இது முன்னோட்டம், கீழே விழுபவர்கள் கருத்துத் தெரிவிக்கவும் என்று எழுதி ஒட்டினால் தாங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா? இருந்தும் பொறுத்துக்கொண்டோம். இவற்றைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என் மனைவிக்கே அது ஆச்சரியம்.

5. சம்பவத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை எனக்கு வேலை இருந்ததால் என் மனைவி தனியாகக் கப்பலை ஓட்டிப்போய் ஒரு பனி நிலவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குள்ளேயே கட்டிலில் படுத்துக்கொண்டார். படுத்தால்தான் ஆட்டத்திலிருந்து வெளியே வரலாம் என்பது அங்குள்ள விதி. மறுநாள் நிறுவனம் புதிய பதிப்பு ஒன்றை இறக்கியது. நான் உள்ளே போனபோது என் பெயரில் இருந்த கப்பல் பட்டியலில் இல்லை. "உங்கள் கப்பலைக் காணவில்லை. மீட்டுத் தரவா?" என்று திரையில் கேட்டது. 'ஆம்' என்று அழுத்தினேன். ஐயா, தாங்களாக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பீர்கள்.

6. அந்த 'ஆம்' என்பதைத் திருட்டுப் புகாராக எடுத்துக்கொண்டார்கள். கப்பல் உரிமையாளர் நான், கப்பலுக்குள் படுத்திருப்பவர் நான் அல்ல, ஆகவே படுத்திருப்பவர் திருடர் என்று அந்த விளையாட்டு தானாகவே முடிவுகட்டிவிட்டது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று ஒருவர் போன் செய்தால், உள்ளே மாட்டிக்கொண்டவரைக் கைது செய்யும் வழக்கம் உலகத்தில் எங்காவது உண்டா? அன்று மாலை ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து வந்து ஆட்டத்தைத் திறந்த என் மனைவி கண் விழித்தது சிறையில். எதிர்ச் சுவரில் அறிவிப்பு: "குற்றம்: கப்பல் திருட்டு. புகார்தாரர்: மேல்மாடி." அதே நேரத்தில் என் திரையில் வாணவேடிக்கை. "குற்றவாளி பிடிபட்டார், நன்றி" என்று எழுத்து ஓடி, 'விழிப்பான குடிமகன்' என்ற பதக்கத்தை என் பெயருக்குப் பக்கத்தில் குத்தினார்கள். அது கழற்ற முடியாத பதக்கம். என் மனைவிக்கும் தெரியும்படி மின்னிக்கொண்டே இருக்கிறது.

7. உடனே போன் வந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம புகார் எழுதுனீங்க. நான் ஒருத்திதான் பாக்கியா இருந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. மைத்துனரைத் தூது அனுப்பினேன். அவர் திரும்ப வந்து, "அக்கா கேக்கவே மாட்டேங்குறா மாமா. நீங்க எழுதாத புகார்னு ஒண்ணு உண்டான்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். இத்தனை ஆண்டுகள் உண்மையான புகார்களை மட்டுமே எழுதிய ஒருவன், எழுதாத ஒரு புகாருக்காகச் சொந்த வீட்டில் மாட்டிக்கொண்டான். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, ஐயா. பேனா தாளைக் கிழிப்பதால் இந்தப் பத்தியை இரண்டாம் முறையாக எழுதுகிறேன்.

8. நிறுவனத்துக்கு எழுதினேன். "தங்கள் உற்சாகத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. எந்த உற்சாகம் என்று கேட்டு மறுபடி எழுதினேன். இது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குறைதானாம். தெரிந்தே விட்டிருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கைதி கல்லுடைத்துத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாமாம், ஆனால் சுத்தியல் இன்னும் தயாராகவில்லையாம். சிறையின் கடிகாரம் ஓடாததால் தண்டனைக் காலமும் குறையாதாம். பார்வையாளர் அறை என்று இருப்பது சுவரில் வரைந்த கதவு. சரி, புகாரையாவது திரும்பப் பெறுகிறேன் என்றேன். அந்த வசதியைப் பற்றி வரும் ஆண்டில் யோசிப்பார்களாம். மனுக் கொடுத்தவர் மனுவைத் திரும்பப் பெறலாம் என்பது நாய்க்கும் சோப்புக்கும் பொருந்துகிறது, என் மனைவிக்கு மட்டும் பொருந்தாதா?

9. என் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். அக்கா 'ஊசி'யை விட்டுவிட்டு வேறு பெயரில் புதிதாகச் சேர்ந்தால் சிறையும் இல்லை, வழக்கும் இல்லை. அவரிடம் சொல்லிப் பார்த்தாராம். "நான் திருடல. நான் எதுக்குப் பேர மாத்தணும்?" என்று பதில் வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் அந்தக் கோபத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

10. இப்போது நடப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். என் போனை எடுக்காத என் மனைவி, தினமும் மாலையில் அந்த விளையாட்டைத் திறக்கிறார். 'ஊசி' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. செய்ய வேலை இல்லை, போக வழி இல்லை, சுத்தியல்கூட இல்லை. அறைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதும் எதற்கும் பதில் இல்லை. வெகுநேரம் இருந்துவிட்டுப் புள்ளி அணைகிறது. எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வராமல் இருந்துவிடுவாரோ என்ற பயத்தில் நான் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

11. அவர் இருக்கும் இடத்துக்குப் போக ஒரே வழி நானும் கைதாவது. ஆகவே குற்றம் செய்யத் தொடங்கினேன். போக்குவரத்து விதியை மீறினேன். அவர்கள் மீட்டுக் கொடுத்த கப்பலை நிலையத்தின் வாசலை அடைத்து நிறுத்தினேன். கடைசியில் காவல் கப்பல் மீதே போய் மோதினேன். அவர்கள் எனக்குச் சல்யூட் அடித்து, "நன்றி, விழிப்பான குடிமகனே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதக்கம் வாங்கியவரைக் கைது செய்வதற்கான விதி இன்னும் எழுதப்படவில்லையாம். நிரபராதிக்குச் சிறை, மோதியவனுக்கு மரியாதை. இதுதான் காசு வாங்கிக்கொண்டு இவர்கள் விற்ற பொருளின் லட்சணம்.

12. ஆகவே கனம் பொருந்திய அலுவலர் அவர்கள் தலையிட்டு, 'ஊசி' என்பவர் மீதுள்ள திருட்டுக் குற்றத்தை நீக்கி விடுவிக்கவும், என் பதக்கத்தைப் பிடுங்கவும் நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். கணவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்று தங்கள் அலுவலக முத்திரையோடு என் மனைவிக்கு ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும். என் வார்த்தையை நம்பாதவர் முத்திரையை நம்புவார். கொடுத்த பணம் எனக்குத் திரும்ப வேண்டாம்.

13. இவை எதுவும் இப்போதைக்கு ஆகாது, முன்னோட்டப் பதிப்பு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நிறுவனம் தங்களிடமும் சொல்லுமானால், ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னையும் அதே சிறையில், அதே அறையில் அடைக்க உத்தரவிடுங்கள். அவர் என்னோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை. கடிகாரம் ஓட வேண்டாம், சுத்தியல் வர வேண்டாம், கதவு வரைந்த கதவாகவே இருக்கட்டும். அந்தச் சிறையைப் பற்றி என் ஆயுளுக்கும் யாருக்கும் ஒரு மனுவும் எழுத மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

தங்கள் உத்தரவுக்காகத் திரைமுன் காத்திருக்கும்,

(ஒப்பம்)
'மேல்மாடி',
லிஃப்ட் மெக்கானிக்,
'ஊசி' என்பவரின் கணவர்.

இடம்: வீடு
நாள்: ஆகஸ்ட் 12, மாலை. பச்சைப் புள்ளி எரிகிறது.