ஆனேக்கலுக்குத் திரும்பும் கோப்பை

என் தங்கையின் கரம் பற்றியவனே, விழுந்த இடத்திலிருந்து எட்டு எண்ணுவதற்குள் எழுந்தவனே, மாப்பிள்ளை முனிராஜா,

நீ போய் ஓராண்டும் இருபது நாட்களும் ஆகின்றன. உன் ரசிகர்கள் நினைவு மலர் ஒன்று அச்சிடுகிறார்கள். அந்த லைட்வெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியை நேரில் கண்டவன், பிழையின்றித் தமிழ் எழுதுகிறவன் என்று என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார்கள். ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது இன்னும் முடியவில்லை.

மலரைப் படிப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள், நம் ஆலையின் கிடங்கில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே மேடை போட்டுக் கயிறு கட்டினார்கள். ஓசூர்ப் பக்கத்து ஆலைகளுக்காக நீ. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்து ஆலைகளுக்காக ஆனேக்கல் நஞ்சப்பா. ஐந்தாவது சுற்று கடைசிச் சுற்று. உன் இடக்கை அவன் தாடையில் இறங்கியது. விழுந்தான், எழுந்தான். மணி அடிக்கச் சில நொடிகள் இருக்கும்போது அவன் வலக்கை உன் கண்ணுக்குக் கீழே இறங்கியது. விழுந்தாய், எழுந்தாய். நடுவர் மூவரில் இருவர் அவன் பக்கம் எழுதினார்கள். கோப்பை ஆனேக்கல் போயிற்று. நீ மேடையை விட்டு இறங்காமல், கையுறையின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே நின்றாய். முடிச்சு அவிழவில்லை.

அறுபதைக் கடந்ததும் உனக்கு மறதி வந்தது. தலையில் அன்று வாங்கியதெல்லாம் இன்று வேலை செய்கிறது என்றார் மருத்துவர். பேரன் பெயர் போயிற்று. வீட்டுக்கு வரும் வழி போயிற்று. அந்தக் கடைசிச் சுற்று மட்டும் அடிக்கு அடி உன்னிடம் இருந்தது. அதன் முடிவு இல்லை. இப்படி ஒரு வரத்தை எந்தத் தெய்வம் கொடுக்கும்?

பாகலூர் சாலை டீக்கடையில் சனிக்கிழமைதோறும் உன்னை நடுவில் உட்கார வைப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து லேத் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட மாரிமுத்து, கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டுவான்.

"மணி அடிச்சாச்சுல்லா அண்ணாச்சி, எந்திரிங்க."

நீ எழுந்து இரு முட்டியையும் முகத்துக்கு நேரே உயர்த்துவாய். கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டும். ஷிப்டு முடிந்து வந்த புது ஆட்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். "பாட்டன் ஒண்ணுக்குப் போயிட்டாரு போல" என்று ஒருவன் சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். நீயும் சிரிப்பாய்.

"யாருடா ஜெயிச்சது?" என்பாய்.

"நீங்கதாம். வேற எவன் ஜெயிப்பான்?"

பிறகு என் பக்கம் திரும்புவாய். எப்போதும் என் பக்கம் திரும்புவாய். "நெசமா மச்சா?"

"இல்லை மாப்பிள்ளை. நஞ்சப்பாதான் ஜெயித்தான்" என்பேன்.

உனக்கு அது நாற்பது ஆண்டுப் பழஞ்செய்தி அன்று. அந்தக் கணம்தான் மூன்றாம் நடுவர் தாளை நீட்டியதுபோல் இருக்கும். உதட்டின் ஒரு முனை கீழே சரியும். வலது மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய், இல்லாத கயிற்றைக் கடித்து இழுப்பாய். மூன்று ஆண்டுகள், சனிக்கிழமை தவறாமல், நீ புதிதாகத் தோற்றாய்.

பொய் உரைப்பதில்லை என்று இருபத்து மூன்றாம் வயதில் பெருமாள் சந்நிதியில் விரதம் பூண்டவன் நான். மார்கழி முழுக்க மேடையில் பாசுரங்களுக்குப் பொருள் சொல்கிறவன். அறநூல்கள் இரக்கமுள்ள பொய்க்கு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்; அந்தச் செய்யுளுக்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உன் முன்னே அந்த வாசலில் நான் ஒருமுறைகூடக் குனிந்து நுழையவில்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை. நானே சொல்கிறேன். உன்னைக் கேலி செய்து சிரித்தவர்கள் நடுவே, பொய் சொல்லாதவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு இனித்தது. உன் முகம் சரியும்போது என் முதுகு நிமிர்ந்தது. சிரித்தவர்களைத் தேடி நீ ஓடினாய். என்னைக் கண்டு ஒதுங்கத் தொடங்கினாய். அது உன் நோய் என்று நினைத்தேன்.

கடைசியாகக் கேட்டது உன் வீட்டுக் கட்டிலில். என் தங்கை சரோஜா உனக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். "மச்சா, இன்னைக்காவது நான் ஜெயிச்சனா?" என்றாய்.

இன்னைக்காவது. அந்த ஒரு சொல்லை நான் கேட்டேன், மாப்பிள்ளை. எல்லாம் அழிந்த இடத்திலும் நான் சொன்னது உன் அடியில் எங்கோ தங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லிற்று. கேட்டுவிட்டும், "இல்லை" என்றேன்.

மூன்றாம் நாள் உன்னைத் தூக்கினோம். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவனைச் சரோஜா வாசலில் நிறுத்தினாள். "அந்த ஆனேக்கல்காரரு ஒரே ஒரு தடவதான் ஜெயிச்சாரு. நீ வாரா வாரம் ஜெயிச்ச" என்றாள். அதன்பின் ஓராண்டு என்னோடு பேசவில்லை. போனால் கதவு திறப்பாள். தண்ணீர்கூடத் தரமாட்டாள்.

முதலாண்டுத் திதிக்குப் பதாகை அடிக்க மாரிமுத்து வாசகத்தைத் திருத்தக் கொண்டுவந்தான். "லைட்வெயிட் சாம்பியன்" என்றிருந்ததை அடித்து, "இறுதிச் சுற்று வரை நின்ற வீரர்" என்று எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்தான். "செத்தவருகிட்டயும் புள்ளி எண்ணுதீயளே அண்ணாச்சி. நல்லா இருங்க" என்று மடித்துக்கொண்டு போனான்.

திதியன்று நஞ்சப்பா வந்தார். மாரிமுத்துதான் சொல்லியனுப்பியிருக்கிறான். மகன் மஞ்சுநாத் அவரைக் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினான். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, மாப்பிள்ளை. அதே நடை, அதே வெறும் கண். அன்று நீ இறக்கிய இடக்கையும் வேலை செய்திருக்கிறது.

பதாகையில் உன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அன்று ஜெயித்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். "நானா, அவனா?"

பந்தலில் சரோஜா படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"முனிராஜ்தான் ஜெயித்தான்" என்றேன்.

விரதம் பூண்டபின் என் நாவிலிருந்து வந்த முதல் பொய். தடுமாறக்கூட இல்லை; பாராயணம் போலத் தெளிவாக வந்தது. ஒரு கணம் இனித்ததும் உண்மை. மறுகணம் அவர் உதட்டின் ஒரு முனை சரிந்தது. வலது மணிக்கட்டு வாய்க்குப் போயிற்று. பல் கயிற்றைத் தேடியது.

"ஏன் ஸார் அப்பிடி சொன்னீங்க?" என்றான் மஞ்சுநாத். "அவருக்கு இருக்கறதே அது ஒண்ணுதானே." தகப்பனைத் திருப்பிக் காருக்கு நடத்திப் போனான். ஒருவாய் சோறுகூடச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் சரோஜா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். ஓராண்டுக்குப் பின் என் முகத்தைப் பார்த்தாள். "இத அவரு உசுரோட இருக்கறப்ப சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகியிருக்குமாண்ணா?" என்றாள். குடித்தேன். வேறென்ன செய்ய?

நான்கு நாள் கழித்து மஞ்சுநாத் கோப்பையை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்திருக்கிறான். "ஓசூர்க்காரனோடதாம். குடுத்துட்டு வான்னு சாப்பிடாம கிடக்கறாரும்மா. வெறுங்கையக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வருது." நான் சொன்ன மெய் உனக்குத் தங்கியதுபோல், பொய் அவருக்குத் தங்கிவிட்டது. இப்போது அந்தப் பித்தளைக் கோப்பை உன் படத்தின் முன் இருக்கிறது. சரோஜா புளி போட்டுத் தேய்த்து, தினமும் அதில் செம்பருத்தி வைக்கிறாள். எனக்குக் காப்பியும் தருகிறாள்.

நேற்று அவளிடம், கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். செம்பருத்தியின் வாடிய இதழைக் கிள்ளி எறிந்தாள்.

"ஏன், அவரு அழுவறது ஒனக்குத் தாங்கலியா?"

"தாங்கவில்லை அம்மா."

"இவரு அழுதப்ப தாங்கிச்சே."

இத்தனை நூல் ஓதினேன். ஒரு வரி வரவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போ. போயிட்டு இந்த வாசப்படி மிதிக்காத" என்றாள்.

அவள் இந்த மலரைப் படிப்பாள், படிக்கட்டும். வரும் சனிக்கிழமை காலை அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளி வழியாக ஆனேக்கல் போகிறேன். நஞ்சப்பாவின் கையில் கொடுத்து, ஜெயித்தது அவர்தான் என்று சொல்வேன். அடுத்த சனிக்கிழமை மறந்திருப்பார். மறுபடி போய்ச் சொல்வேன். என் கால் நடக்கும்வரை சொல்வேன். நீ தோற்றாய் என்பதை இனியும் வாராவாரம் என் வாயால்தான் சொல்லியாக வேண்டும். இந்த முறை என் முதுகு நிமிராது. உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இது ஒன்றுதான்.

உன் வாசலை மிதிக்க இனி உரிமை இல்லாத,
சரோஜாவின் அண்ணன்,
உன் மச்சான்